காப்பாளர் கையொப்பம்

தேசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் முப்பத்தோராவது ஆண்டு, ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, உலகத்தில் இல்லாத ஓர் அணியின் பதினெட்டு ஆட்டக்காரர்களும் அலுவலகத்துக்கு நேரில் வந்து தங்கள் அடையாள அட்டையைக் கேட்டார்கள். ஆரஞ்சுச் சட்டை, கறுப்பு அரைக்கால்சட்டை, வெறுங்கால். சட்டை எண்ணின்படி ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். கோல்கீப்பர் மட்டும் கைக்கொரு கருங்கல் வைத்திருந்தான். கீழே வைக்கச் சொன்னபோது, வைத்தால், தான் மேலே போய்விடுவதாகவும், ஃபேன் ஓடுகிற அறையில் அது கொஞ்சம் ஆபத்து என்றும் பணிவாகச் சொன்னான். பதிவுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிற, சின்னவர் பெரியவர் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், அவனுடைய படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். எடை என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பும்போது பேனாவில் மை தீர்ந்ததும், வேறு பேனா எடுத்து அடுத்த கட்டத்திலிருந்து எழுதிக்கொண்டு போனதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. பதினெட்டுப் பேரின் பிறந்த தேதி, உயரம், வலது காலா இடது காலா, பழைய காயங்கள் எல்லாவற்றையும் எழுதியவள் அவள்தான். எட்டாம் எண்காரனின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதுவும் அவள் எழுதியதுதான்.

சம்மேளனத்தின் வரலாற்றைச் சொல்வதானால் அதிகம் இல்லை. ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஏழு அணிகள் கூடி ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் பள்ளித் தலைமையாசிரியர். தன் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தையே அங்கங்கே அடித்துத் திருத்தி ஆட்டக்காரர் பதிவுப் படிவமாக ஆக்கியவர் அவர். அதனால் முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரனின் படிவத்திலும் அடியில் 'பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று ஆறு பொதுக்குழுக்களில் தீர்மானம் வந்தது. ஆறு முறையும் தேநீர் இடைவேளைக்குப் பிறகு அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஒன்பதாம் ஆண்டில் தேசிய அணி முதல்முறையாக வெளிநாடு போய் எட்டு கோல் வாங்கிக்கொண்டு திரும்பியது. பதினோராம் ஆண்டில் இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். இருவரும் ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே கடிதத்துக்கு இரண்டு பதில் போட்டார்கள். மறு ஆண்டு இருவரையும் ஓரங்கட்டிவிட்டு லாரி கம்பெனி முதலாளி ஒருவர் தலைவரானார். அதற்குப் பிறகு வேறு தலைவர் வரவில்லை. அவரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அலுவலகத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வந்து நிற்பது அவர்தான். யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்பது அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவருக்குத் தெரியும். அதுதான் அவருடைய பலம்.

இருபத்தாறாம் ஆண்டில் அவருக்கு ஓட்டுப் பலம் குறைந்தது. பன்னிரண்டு புதிய அணிகளைப் பதிவு செய்யும்படி அக்காவிடம் சொன்னார். அணிகள் எங்கே என்று அவள் கேட்டதற்கு, முதலில் பதிவு, பிறகு அணி, எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்றார். அவள் அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாதவள். அணிக்குப் பதினெட்டுப் பேர் வீதம் இருநூற்றுப் பதினாறு படிவங்களை, யோசித்து யோசித்து, ஒருவன் மாதிரி இன்னொருவன் இல்லாமல் நிரப்பினாள். காப்பாளர் கோட்டில் மட்டும் கை போனபடி ஏதாவது கிறுக்கினாள். அந்த வருடமே அந்தப் பன்னிரண்டு அணிகளும் தலைவரின் மச்சான்மார் வழியாகப் பொதுக்குழுவில் ஓட்டுப் போட்டு, படிவம் தாமதமாக வந்தது என்ற காரணத்தைச் சொல்லி, மில் தொழிலாளர் அணியைச் சம்மேளனத்திலிருந்து விலக்கின. இருபதுக்குப் பதினைந்து. முடிவைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். மில் அணியிடமிருந்த மைதானத்தில் மறு மாதமே தலைவரின் லாரிகள் வந்து நின்றன.

மில் அணிக்கு ஒன்பது வருடம் கேப்டனாக இருந்த சென்டர் ஹாஃப், அக்காவின் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். அன்று வீட்டுக்கு வந்து ஓட்டில் தோற்றுவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னாள். யார் யார் எதிராகப் போட்டார்கள் என்று கேட்டதற்கு, தான் கவனிக்கவில்லை என்றாள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலை அவர் எழுதி எடுத்து வந்தார். முன்பின் கேள்விப்படாத பன்னிரண்டு பெயர்கள். அடுத்த இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும், பஸ் பிடித்துப் போய் அந்த அணிகளின் மைதானங்களைத் தேடினார். சண்டை போட இல்லை. நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம் என்று ஒரு வார்த்தை கேட்கத்தான். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் அக்கா.

முப்பத்தோராவது ஆண்டு ஜூனில், வழக்கமான புதுப்பிப்பு வேலையின்போது, பன்னிரண்டாவது அணிக்கு வரும்போது அவள் கை ஓய்ந்துபோயிருந்தது. கிறுக்குவதற்குக்கூட யோசனை ஓடவில்லை. சம்பளப் பதிவேட்டில் போடுகிற தன்னுடைய சொந்தக் கையெழுத்தையே பதினெட்டுப் படிவத்திலும் போட்டு மூடினாள். ஆறாவது நாள் அவர்கள் வந்து நின்றார்கள்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். நெடுஞ்சாலை வழியாக வந்ததாகக் கேப்டன் சொன்னான். அதற்கு முன்னால் எங்கே என்றால் அவனுக்குத் தெரியவில்லை. வரும்போது வழியில் நிறையப் பேரைப் பார்த்தானாம். அவர்களும் சட்டை போட்டுக்கொண்டு, பச்சை, நீலம், கோடு போட்டது என்று பதினொரு விதமாக, சாலை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "கூப்பிட்டோம்க்கா. எங்களுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்ல, நீங்க போங்கன்னுட்டாங்க" என்றான். அக்கா அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிட்டு அட்டைகளை எழுத ஆரம்பித்தாள். போவதற்கு அவர்களுக்கு இடம் ஏதும் இல்லை என்பது நான்கு மணிக்குத்தான் தெரிந்தது. காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவள் அவள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு அறையும் ஒரு மொட்டை மாடியும் உள்ள வீடு. டிப்போவிலிருந்து வந்த கணவர் வாசலில் பதினெட்டு ஆரஞ்சுச் சட்டைகளைப் பார்த்தார். சட்டையில் இருந்த பெயரைப் படித்தார். கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கேப்டனிடம் போனார்.

"உங்க கிரவுண்டு எங்கப்பா இருக்கு? ரெண்டு வருஷம் தேடினேன்."

"அதை அக்கா எழுதல மாமா" என்றான் கேப்டன்.

அவனுக்கு அதில் மறைக்க எதுவும் இல்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அவர் உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட்டார். அன்றிலிருந்து அவளோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், பக்கத்தில் இருக்கிற ஆட்டக்காரன் ஒருவனிடம், உங்க அக்காகிட்ட சொல்லு, உப்பு கம்மி என்பார். அவனும் இரண்டடி தள்ளி நிற்கிற அவளிடம் வந்து, மாமா உப்பு கம்மிங்கறாரு என்பான். வீட்டில் இப்படிச் சொல்லி அனுப்ப ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கோல்கீப்பரை விட்டுத் தங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டார்கள். அவன் ஒரு கல்லை மட்டும் கீழே வைத்துவிட்டு ஏறுவான்.

அணி லீக்கில் ஆடியது. நன்றாகவும் ஆடியது. தலைவர் அதைத் தடுக்கவில்லை. பன்னிரண்டில் ஓர் அணி நிஜமாக இருப்பது மற்ற பதினொன்றுக்கும் நல்லது என்று நினைத்திருக்கலாம். அக்டோபரில் ஓர் ஆட்டத்தில் பதினான்காம் எண்காரன் எதிரணிக்காரனைத் தள்ளிவிட்டு, மூன்று ஆட்டத் தடை வாங்கினான். அக்கா அவன் அட்டையில் 'தடை' என்று முத்திரை குத்தினாள். மை காய்வதற்குள் நாற்காலியில் அவன் இல்லை. குடித்து வைத்த தேநீர்க் குவளை மட்டும் சூடாக இருந்தது. இருபத்திரண்டு நாள் அவனை யாரும் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் அவன் பாய் சுருட்டியபடியே கிடந்தது. நான்காவது ஆட்டத்தன்று காலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் எங்கே என்று கேட்டான். அன்று அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து, 'நீக்கம்' என்ற இன்னொரு முத்திரையை எடுத்துத் துணியில் சுற்றி, அடியில் போட்டாள். அது எப்போதாவதுதான் தேவைப்படும். மில் அணிக்குக் குத்தியதுதான் கடைசி.

பிப்ரவரியில் உலகச் சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு அணிகள் பொய் அணிகள் என்று யாரோ புகார் எழுதியிருந்தார்கள். தேர்தல் நடக்கிற பொதுக்குழுவுக்கு இரண்டு ஆய்வாளர்கள் வருவார்கள்; அந்த அணிகளின் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் நேரில் நிறுத்த வேண்டும். திங்கட்கிழமை பொதுக்குழு. வியாழக்கிழமை தலைவர் அக்காவின் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு அணிகளையும் போன வருடத் தேதி போட்டு நீக்கிவிட வேண்டும் என்றார். ஆள் இல்லாவிட்டால் புகாரும் இல்லை. ஓட்டுக் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம், தேர்தலை ஒரு வருடம் தள்ளிவைக்கக் காரணம் கண்டுபிடித்தாயிற்று.

"அந்தப் பதினெட்டுப் பேரு சார்?" என்றாள் அக்கா.

"வரும்போது யாரைக் கேட்டும்மா வந்தாங்க?" என்றார் தலைவர். கடுமையாகச் சொல்லவில்லை. பஸ் வசதி பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் எதையும் மறைக்கவில்லை. எல்லோரையும் மாடியில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். கணவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எட்டாம் எண்காரன் பதினான்காம் எண்காரனைப் பார்த்து, அங்கே எப்படி இருந்தது என்று கேட்டான். அவன் நிறைய யோசித்தான். "ஒண்ணும் இல்ல. வலிக்கல, இருட்டாக்கூட இல்ல. ஒண்ணுமே இல்ல. அதான் நெனச்சா பயமா இருக்கு" என்றான். கேப்டன் அக்காவைப் பார்த்து, உங்க வேலைக்கு ஆபத்துன்னா குத்திடுங்கக்கா, ஒரு சீசன் ஆடிட்டோம் என்றான். அவன் முகத்தில் அவள் எழுதாத ஒன்று இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

கணவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"கேப்டன், உங்க அக்காவ கேளு. சீல் பதினெட்டுப் பேருக்கு மட்டுந்தானா, இல்ல ரோட்டோரமா உக்காந்திருக்கானுங்களே, அவனுங்களுக்கும் சேத்தா?"

கேப்டன் கேட்க வாயெடுத்தான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். இத்தனை மாதமாக அவள் ஒதுக்கி வைத்திருந்த கணக்கு அதுதான். நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர். அவர்களுக்கும் பிறந்த தேதி போட்டவள் அவள். ஒருவனுக்குச் சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்த காயம் எழுதியிருந்தாள், இன்னொருவனுக்குக் கிட்டப்பார்வை. ஆறு வருடமாக வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பதினொரு அணிகளின் கட்டுகளை மேஜையில் அடுக்கிவைத்தாள். கதவு திறந்தே இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் தலைவர் சொன்ன வேலையைச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படிவத்திலும் பழைய கிறுக்கலை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தை முழுசாகப் போட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொருவனின் விவரத்தையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் போட்டாள். காலியாக விட்டிருந்த கட்டங்களை நிரப்பினாள். கிட்டப்பார்வைக்காரனுக்குக் கண்ணாடி என்று சேர்த்தாள். மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு வலது மணிக்கட்டு வீங்கி, வளையலைக் கழற்ற முடியாமல் போயிற்று. நாலே முக்காலுக்குக் கடைசிப் படிவத்தை மூடினாள். முத்திரை துணிக்குள்ளேயே கிடந்தது.

சனிக்கிழமை காலையில் நெடுஞ்சாலையில் ஓடுகிற பஸ் கண்டக்டர்கள் ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். பதினொரு நிறத்தில் சட்டை போட்ட ஆட்கள், வெறுங்காலோடு, ஒற்றை வரிசையில் நகரத்தை நோக்கி நடந்து வருகிறார்கள். பஸ்ஸில் ஏறச் சொன்னால் டிக்கெட் இல்லை என்கிறார்கள். அக்காவுக்குச் செய்தி வந்தபோது மணி பத்து. தலைவருக்கு ஏழு மணிக்கே வந்துவிட்டது. அவர் யாரையும் திட்டவில்லை, என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. எட்டு லாரிகளை அனுப்பினார். ஒரு லாரி நிறையத் தண்ணீர், ஒரு லாரி நிறைய பூட்ஸ். ஆறு வருடமாக நடக்காத கால்களுக்கு மருந்து வைக்க ஒரு கம்பவுண்டரையும் ஏற்றிவிட்டார். மில் மைதானத்தில் தார்ப்பாய் கட்டிப் படுக்க இடம் போட்டார். அக்காவும் ஆரஞ்சுச் சட்டைக்காரர்களும் போய்ச் சேர்ந்தபோது, நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேரும் புது பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். மரியாதையாகத்தான் நின்றார்கள். ஆனால் அவளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. வீங்கிய கையோடு வந்திருந்தாள். தலைவர் வாளியும் குவளையுமாக வரிசையில் போய்க்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒருவர் எண்ணினார், ஒருவர் சரிபார்த்தார். இருநூற்றுப் பதினாறு பேர், தழும்பு, உயரம், எடை எல்லாம் படிவத்தில் உள்ளபடி. கோல்கீப்பர் விஷயத்தில் மட்டும், கட்டம் காலி, ஆளும் அப்படியே என்று குறித்துக்கொண்டார்கள். அணிகள் உண்மையானவை, புகார் ஆதாரமற்றது என்று இரண்டு வரி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு தேர்தல் நடந்தது. இந்தமுறை மச்சான்மார் யாரும் வரவில்லை. ஒவ்வோர் அணியும் தன் ஆளையே அனுப்பியது. பழைய இருபத்து மூன்று அணிகளில் தலைவருக்கு ஏழு, எதிராகப் பதினாறு. ஆரஞ்சு அணியின் கேப்டன் எதிராகப் போட்டான். புதிதாக வந்த பதினொரு அணிகளும் தலைவருக்குப் போட்டன. யாரும் அவர்களை மிரட்டவில்லை, எதற்கும் வாக்குறுதி கொடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தவர் அவர். பதினெட்டுக்குப் பதினேழு. பத்தொன்பது வருடத்தில் அவர் நியாயமாக ஜெயித்த முதல் தேர்தல் அது.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் பதிவுப் பிரிவுக்கு வந்தார். அக்கா எழுந்து நின்றாள். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்திருந்தாள். அதற்காக இழுப்பறையைக்கூடக் காலி செய்து வைத்திருந்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னைக் காப்பாத்திட்டீங்கம்மா. நான் பொய் சொன்னேன்னு இனி ஒருத்தனும் சொல்ல முடியாது" என்றார்.

அதைவிட அவர் தன்னை அடித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மில் அணி விலக்கப்பட்டதும் அன்றோடு சட்டப்படி சரியாகிவிட்டது, ஓட்டுப் போட்ட பன்னிரண்டு அணிகளும் உண்மை என்று உலகமே ஒப்புக்கொண்டாயிற்று. அந்த அணி இன்றுவரை பதிவேட்டில் இல்லை.

வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. மைதானத்தில் லாரிகளுக்கு நடுவே பந்து ஆடினார்கள். முதலில் கண்ணாடிகள் உடைந்தன, பிறகு டிரைவர்கள் சண்டைக்கு வந்தார்கள், பிறகு டிரைவர்களே இரண்டு பக்கமும் பிரிந்து ஆட ஆரம்பித்தார்கள். ஏப்ரல் முடிவதற்குள் லாரிகள் ஒவ்வொன்றாக வேறு இடம் தேடிப் போய்விட்டன. எண்ணெய் சொட்டிய இடங்களில் மட்டும் புல் வரவில்லை. அக்காவின் கணவர் டிப்போவிலிருந்து திரும்பும்போது ஒரு நாள் மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். மறுநாள் உள்ளே போய் நின்றார். வீட்டில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருநூற்றுப் பதினாறு பேரும் மெல்ல மெல்ல ஊரில் கலந்தார்கள். ஒருவன் தபால் பிரித்தான், ஒருவன் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினான், கிட்டப்பார்வைக்காரன் ஓர் அச்சகத்தில் எழுத்துத் திருத்தினான். பெண் கொடுப்பவர்கள் பெற்றோர் யார் என்று விசாரித்தபோது அக்காவின் வீட்டைக் காட்டினார்கள். அவளும் யார் வந்தாலும், நல்ல பையன், நான் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த ஜூன் வந்தது. இருநூற்றுப் பதினாறு படிவங்களையும் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்து ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அவள் மணிக்கட்டு அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சரியாகவே இல்லை. பேனா பிடித்தால் விரல் மரத்துப்போகும். அலுவலகத்தில் முடியவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு கையை உதறுவாள், பிறகு இன்னொன்று. எண்பது வரை வந்ததும் பேனா நழுவிக் கீழே விழுந்தது. இனி முடியாது, இந்த வருடம் யாரை விடுவது என்று அவள் மனம் நினைத்தது. நினைத்ததற்காக அவளே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் அன்று ஆட்டக்காரன் ஒருவனும் இல்லை. எல்லோரும் மைதானத்துக்குப் போயிருந்தார்கள். கணவர் முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். சொல்லி அனுப்ப ஆள் தேடுகிற மாதிரி ஒரு தடவை சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பாதிக் கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். குனிந்து பேனாவை எடுத்தார்.

"எங்க போடணும்?" என்றார்.

ஒரு வருடத்தில் அவர் அவளிடம் நேராகக் கேட்ட முதல் வார்த்தை அது. அவள் விரலை வைத்து அந்தக் கோட்டைக் காட்டினாள். விளக்கு போடுவதற்கு முன்பே இருவரும் முடித்துவிட்டார்கள். நூற்று முப்பத்தாறு படிவங்களில் அவருடைய கையெழுத்து இருந்தது. அந்த நூற்று முப்பத்தாறு பேரும் அந்தப் பருவத்திலிருந்து கோபம் வந்தால் யாரையும் தள்ளுவதில்லை, கத்துவதில்லை. நாள்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நடுவர்களுக்கு அது வசதியாக இருந்தது. வீட்டில் உள்ளவர்கள்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.